தரிசு நிலத்துக்கு அரசுப் பணமா?

அமெரிக்கக் கிராமக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கு அரசு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய சி.ஆர்.பி. என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம். சாகுபடியை நிறுத்துவது உண்மைதான். ஆனால் சும்மா இருக்க முடியாது. பொதுவாக 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம். ஒப்புக்கொண்ட புல்லையோ மரத்தையோ வளர்த்து, களை மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒப்பந்தத்தை முறித்தால், நிலத்துக்காக அரசிடம் வாங்கிய ஆண்டுப் பணத்தை, அதாவது வாடகையை, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். வாடகை அதிகமா என்பது வேறு சண்டை. வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை இணையதளத்தில் 'சி.ஆர்.பி.-1' ஒப்பந்தப் படிவமும் கவுண்டிவாரி ஏக்கர் கணக்கும் இருக்கின்றன; படிவத்தின் பின்னிணைப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள், நிபந்தனைகள் அங்கேதான் உள்ளன.