பையன்கள் நிறைய இருந்தால் மட்டும் கோப்பை வந்துவிடாது

"பென்ரித்துக்கு என்ன கவலை, மேற்கு சிட்னி முழுக்க ரக்பி லீக் ஆடும் பையன்கள், ஜெயிக்காமல் என்ன செய்வார்கள்" என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மேற்கு சிட்னியின் பென்ரித் பாந்தர்ஸ் கிளப், ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் முதல்தரப் போட்டிக்கு வந்தது 1967-ல். 2020 முடிய வாங்கியது இரண்டே கோப்பை: 1991, 2003. அப்போதும் இதே புறநகர்தான். 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு!

இளம் வீரர்கள் ஏறிவரும் ஏணி எல்லா சிட்னி கிளப்புக்கும் ஒன்றே. 17 வயதுக்குள் ஹரோல்டு மேத்யூஸ் கோப்பை, 19-க்குள் எஸ்.ஜி. பால், 21-க்குள் ஜெர்சி ஃபிளெக், பிறகு பெரியவர்களோடு நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, அதற்கும் மேலே முதல்தரப் போட்டியான என்.ஆர்.எல்.

சறுக்கல் முதல் படியிலேயே தொடங்கும். 15 வயதில் சீக்கிரம் வளர்ந்துவிட்ட 95 கிலோ பையன் எதிரில் நிற்பவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடுவான். மேட்ச் ஜெயிக்கும், கோச்சுக்குப் பெயர் வரும். ஆனால் காலை மாற்றிப் போட்டு ஏமாற்றவோ, டேக்கிளில் (எதிரணி பிடித்து வீழ்த்துவது) மாட்டும் நொடியில் பந்தைப் பக்கத்தவனுக்குத் தட்டிவிடவோ அவனுக்கு அவசியமே வராது. 19 வயதில் மற்றவர்களும் அந்த எடைக்கு வந்ததும் அவனிடம் வேறு வித்தை இருக்காது. அவனுக்காகக் கழித்துவிட்ட ஒல்லிப் பையனோ அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பான்.

அடுத்தது, எல்லாத் தட்டிலும் ஒரே ஆட்டமுறை. தடுப்பு வரிசை எப்படி நகர்கிறது, ஐந்தாவது டேக்கிளுக்குப் பிறகு (ஆறாவதில் பந்து எதிரணிக்குப் போய்விடும்) உதைத்த பந்தை யார் துரத்துவது, எந்தக் குரலுக்கு என்ன பொருள்: இவை கீழேயும் மேலேயும் ஒன்றாக இருந்தால், சீசன் நடுவில் ஒருவர் காயப்பட்டதும் அடுத்தவர் நேரே வந்து நிற்கலாம். 2022-ல் எஸ்.ஜி. பால், ஜெர்சி ஃபிளெக், நியூ சவுத் வேல்ஸ் கோப்பை, என்.ஆர்.எல். நான்கையும் பென்ரித் ஒரே ஆண்டில் வென்றது. (எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள் என்பதும் சரியில்லை. பென்ரித் வீரர்களில் ஐசாயா யோ சிட்னிக்கு வெளியே தொலைவிலுள்ள டப்போவிலிருந்து வந்தவர், லியாம் மார்ட்டின் அதேபோல் டெமோராவிலிருந்து.)

2008 முதல் 2017 வரை நடந்த தேசிய 20 வயதுக்குட்பட்டோர் போட்டியை மூடியது நல்ல வேலை. பிள்ளைகளை வாராவாரம் விமானம் ஏற்றி, டிவியில் காட்டி, நட்சத்திரமாக்கினார்கள். முன்வரிசை ஆட்டக்காரனுக்கு வேண்டியதோ, டேக்கிளில் தன்னை எழவிடாமல் அமுக்கும் முப்பது வயதுக்காரர்களோடு ஒரு வருடம்.

என் ஆத்திரம் சம்பள உச்சவரம்பின் மேல், அதாவது ஒரு கிளப் தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய தொகைக்கான வரம்பின் மேல். மேட் பர்ட்டன், ஸ்டீபன் கிரைட்டன், ஸ்பென்சர் லெனியு, ஜரோம் லுவாய்: வளர்த்தது பென்ரித், இன்று ஆடுவது வேறு சட்டையில். ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்காக வளர்த்த கிளப்புக்கு ஒரு டாலர்கூட வராது. சொந்தமாக வளர்த்தவர்களின் சம்பளத்தை வரம்பில் பெரிதாகக் கழித்துக்கொள்ளச் சொன்னால் மெல்போர்ன் கிளப் சண்டைக்கு வரும். அதன் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆட்டமான ஆஸ்திரேலிய ஃபுட்பால்தான் ராஜா, அவர்கள் பையன்களுக்கு எங்கே போவார்கள்? அது நியாயமான சண்டையும்கூட. ஆகவே வரம்பைத் தொட வேண்டாம். வாங்குகிற கிளப், அந்த வீரர் ஜூனியர் அணிகளில் கழித்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, வளர்த்த கிளப்புக்கு ஒரு தொகை கட்டட்டும். கால்பந்தில் ஃபிஃபா 2001 முதல் இதைச் செய்துவருகிறது.