முதலில் தண்ணீரைப் பாருங்கள், பிறகு டிஷ்வாஷரைப் பாருங்கள்

புதிதாக வாங்கிய டிஷ்வாஷரில் கழுவியும் வெள்ளைப் படலம் படிந்த கண்ணாடி டம்ளர்களை என் தங்கை படம் எடுத்துப் போட்டதையும், அதன் கீழே உறவினர்கள் எழுதியதையும் நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். "45,000 ரூபாயைக் கொட்டிச் சோம்பேறித்தனத்தை வாங்கியிருக்கிறாய்" என்று எழுதியவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். மூன்று நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

தவறு இயந்திரத்திலும் இல்லை, அவளிடமும் இல்லை. அந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதை விற்றார்களே, தவறு அங்கே இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அவளுடைய குடியிருப்புக்கு ஒரு நாள் போர்த் தண்ணீர், மறுநாள் லாரித் தண்ணீர். கடையில் அவளிடம் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள்: வீட்டில் எத்தனை பேர், தவணையா ரொக்கமா.

சனிக்கிழமை சோதனைக் குப்பிகளோடு அவள் வீட்டுக்குப் போனேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிறமியைச் சேர்த்தவுடன் அது திராட்சைச் சிவப்பானது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இருவரும் எண்ணிக்கொண்டே வந்தோம். சிவப்பு மறைந்து நீலமாகிய இடத்தில் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று கணக்கு வந்தது. வேறு வழியே இல்லாதபோது குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச வரம்பே 600தான். இயந்திரத்திலோ தண்ணீரின் கடினத்தன்மைக்கேற்ப மாற்றி வைக்க வேண்டிய அளவு, தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. உப்பு அறையில் சமையல் உப்பு கிடந்தது, ஏனென்றால் எந்த உப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இயந்திரத்துக்குள் இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அந்த மணிகள் நிறைந்துபோனதும் அவற்றை மீட்டெடுப்பதற்காகத்தான் உப்பு. சமையல் உப்பில் அயோடினும், கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. கடலுப்பைப் போட்டால் எதை நீக்க நினைக்கிறோமோ அதே மக்னீசியம் திரும்ப வந்துவிடும். அதற்கென்றே விற்கப்படும் தூய உப்பை மட்டுமே போட வேண்டும். குடிநீர் சுத்திகரிப்பான் விற்பவர்கள் காட்டும் டிடிஎஸ் பேனாவை நம்பியும் வாங்காதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. உங்கள் தண்ணீரின் அளவைத் தெரிந்துகொண்டு, இந்த இயந்திரம் எந்த அளவு வரை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். தாங்காது என்றால், முதலில் வீட்டுக் குழாய்க்குக் கடினத்தன்மையை நீக்கும் மென்னீராக்கி வையுங்கள்.

தண்ணீருக்குப் பிறகுதான் அளவைப் பற்றிய பேச்சு. "14 பேருக்கானது" என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையின் கணக்கு; தட்டு, சூப்புக் கிண்ணம், கோப்பை, முள்கரண்டி என்று எண்ணிய எண். நம் வீட்டில் குக்கரும் இட்லிப் பானையும் வாணலியும் உள்ளே போனால் அந்த 14 எங்கே போனது என்று தெரியாது. மேல்தட்டை உயர்த்த முடிகிறதா, கீழ்த்தட்டின் கம்பிகளை மடக்க முடிகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டுக் குக்கரையே எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அகலம் 60 சென்டிமீட்டர், ஒடுக்கமானது 45. மேடைக்கு அடியில் உயரத்தையும் கதவு திறக்க முன்னால் உள்ள இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். மேல்மாடியில் தொட்டிக்குச் சற்றே கீழே குடியிருப்பவர்கள் தண்ணீர் அழுத்தத்தையும் கேட்க வேண்டும், ஏனெனில் தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவு அழுத்தம்தான் கிடைக்கும்.

"தண்ணீர் வீண்" என்பீர்கள். இக்காலத்து இயந்திரங்கள் ஒரு முறைக்குச் சுமார் 9 முதல் 12 லிட்டர் எடுக்கின்றன. நிமிடத்துக்கு 6 லிட்டர் கொட்டும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் அதே கணக்குத்தான். "அடிப்பிடித்த வாணலி போகாது" என்பீர்கள். போகாது, அதை ஊறவைத்துக் கையால்தான் தேய்க்க வேண்டும். இரும்புத் தோசைக்கல்லையும் மண்சட்டியையும் உள்ளே வைக்கவே கூடாது, அலுமினியம் கறுத்துப்போகும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. "பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் பிழைப்பு என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அந்த அக்காவுக்கு வாரம் ஒரு நாள் விடுப்புக் கொடுக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த இயந்திரத்துக்கு 1886இல் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் காக்ரன் என்ற அமெரிக்கப் பெண். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன, தொடக்கத்தில் அவற்றை வாங்கியவை ஓட்டல்கள். ஓட்டல் முதலாளி வாங்கினால் திறமை, ஒரு பெண் தன் அடுக்களைக்கு வாங்கினால் சோம்பேறித்தனமா?

"நம் அம்மாக்கள் பத்துப் பேருக்குக் கையால் தேய்க்கவில்லையா?" என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மா தேய்த்தார். எப்போதும் ஈரத்திலேயே இருந்த கையில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நகச்சுற்று வரும். எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு, வலது ஆள்காட்டி விரலில் செருகிக்கொண்டு, இடது கையால் சாம்பாரைக் கிளறுவார். அந்தப் பழம் விரலில் இருந்த நாட்களிலும் தொட்டி முற்றத்துப் பாத்திரங்கள் அவருக்காகத்தான் காத்திருந்தன. எங்கள் வீட்டில் ஆண்கள் நால்வர் இருந்தோம். ஒருவர்கூட எழுந்து போகவில்லை, நான் உட்பட. அம்மாவின் பெயரைச் சொல்லி என் தங்கையை அடிக்காதீர்கள்.

உப்பை மாற்றி, கடின அளவைச் சரியாக அமைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு டம்ளரை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்ததில் படலம் போய்விட்டது. ஆகவே அது கடின நீரின் படிவுதான், கண்ணாடி அரிக்கப்படவில்லை. படத்தை அவள் நேற்றிரவு நீக்கிவிட்டாள். சோதனைக் குப்பிகள் என்னிடமே இருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் ஒரு பாட்டில் வீட்டுத் தண்ணீரோடு என்னிடம் வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.