அறுபது தடியடி

மிங் வம்சத்தின் சட்டத்தொகுப்பில், பரத்தையரிடம் இரவு தங்கும் அரசு அதிகாரிக்கு 60 தடியடி என்று ஒரு பிரிவு உண்டு. இடைத்தரகனுக்கு அதைவிட ஒரு படி குறைவு. இதைக் காட்டி, சீனப் பேரரசர்கள் நிர்வாகத்தில் எவ்வளவு கறாராக ஒழுக்கம் பேணினார்கள் என்று வியப்பவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடில்லை. கனத்த தடியால் அடிக்கும் தண்டனை 60இல் தொடங்கி 100 வரை ஐந்து படிகளாக இருந்தது. அதில் அதிகாரிக்குக் கிடைத்தது முதல் படி. அதுகூடப் போகட்டும், அந்தப் பெண்களை வைத்து விடுதி நடத்தியதே அரசுதான்.

வம்சத்தை நிறுவிய ஹொங்வூ பேரரசர் (ஆட்சி 1368–1398) தலைநகர் நான்ஜிங்கில் அரசு விடுதி அமைத்தபோது, வணிகர்கள் உள்ளே வரலாம், அதிகாரிகள் வரக்கூடாது என்றே விதி வகுத்தார். அங்கிருந்த பெண்கள் 'இசைக் குடிகள்' என்ற இழிநிலைப் பரம்பரைப் பட்டியலில் அடைக்கப்பட்டவர்கள். அந்தத் தொழிலைச் சேர்ந்த ஆண்கள் பச்சைத் தலைத்துணி கட்டவேண்டும் என்பதும் ஆணை. மனைவியால் வஞ்சிக்கப்பட்டவனைப் 'பச்சைத் தொப்பி அணிந்தவன்' என்று சீனர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். ஹொங்வூவின் மகன் யோங்லே, அண்ணன் மகனிடமிருந்து 1402இல் அரியணையைப் பறித்துக்கொண்டபோது, தன்னை ஏற்க மறுத்த அதிகாரிகளைக் கொன்றதோடு நிற்காமல், அவர்களின் மனைவி மக்களை, இசைக் குடிகளை நிர்வகித்த அரசு இசைத்துறைக்கு அனுப்பினார். அதிகாரி அங்கே போனால் குற்றம், அதிகாரியின் மனைவியை அங்கே தள்ளினால் அரச தண்டனை!

தடை எப்படி நடைமுறையானது என்பதற்கு 1420களில் புதிய தலைநகராகியிருந்த பெய்ஜிங்கே சாட்சி. விருந்துகளில் பாட்டுப் பெண்கள் நிறைந்திருந்த அக்காலத்தில், அதிகாரிகளைக் கண்காணிக்கவேண்டிய தணிக்கைத் துறையின் தலைவர் லியூ குவான் லஞ்சத்தில் ஊறிக் கிடந்தார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 1428இல் சுவாந்தே பேரரசர் அவரை நீக்கிவிட்டு கூ ஸுவோ என்பவரை அமர்த்தினார். அரண்மனையில் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களோடு சேராமல் சிறிய பக்க அறையொன்றில் தனியே உட்கார்ந்திருப்பாராம். அதனால் 'தனியிருக்கை கூ' என்று பட்டப்பெயர். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் காலத்தில், 1429இல், அதிகாரிகளின் விருந்துகளில் அரசுப் பரத்தையரை அழைப்பதற்குக் கடுந்தடை வந்தது.

ஆனால், விருந்து நிற்கவில்லை. பெண்கள் இருந்த இடத்தில் பாடும் சிறுவர்கள் வந்து அமர்ந்தார்கள். அந்தத் தடைக்கு வழிவகுத்த கூ ஸுவோவின் முறையீட்டுக்குப் பிறகு கனவான்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாததால்தான் இவ்வழக்கம் தலைநகரில் பரவியது என்று பிற்கால மிங் பேரரசர் வான்லியின் காலத்து எழுத்தாளர் ஷென் தேஃபு எழுதியிருக்கிறார். அச்சிறுவர்களைப் பற்றிச் சட்டத்துக்கு அப்போது கவலையிருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் அது காக்க நினைத்தது அதிகாரியின் மதிப்பை மட்டுமே.

நான்ஜிங்கிலோ, தேர்வு மண்டபத்துக்கு எதிர்க்கரையிலேயே பரத்தையர் தெரு இருந்தது. நாளைய அதிகாரிகள் தேர்வெழுதிய இடத்துக்கும் அதற்கும் நடுவே ச்சின்ஹுவாய் ஆறு ஒன்றுதான்.

இசைக் குடிப் பட்டியலை ஒழிக்கும் ஆணை, சிங் வம்சத்து யோங்செங் பேரரசரிடமிருந்து 1723இல் வந்தது. ஷான்சி, ஷென்சி பகுதிகளில் அப்பட்டியலில் கிடந்தவர்கள், யோங்லேயை ஏற்க மறுத்த அந்த அதிகாரிகளின் வழித்தோன்றல்கள் என்று அவரிடம் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம் கூறியது. இடையில் கடந்திருந்தவை 321 ஆண்டுகள்.