முதலிடம் வந்தாலும் அதே லீக்தான்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முதல் நிலைக் கால்பந்து லீக்கான என்பிஎல்லில் கடைசி இடத்தில் முடித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழ் டிவிஷனுக்குப் போகவேண்டியதுதான். முதலிடத்தில் முடித்தால்? கோப்பையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த பிப்ரவரியில் அதே லீக்கில், ஏறக்குறைய அதே அணிகளோடு மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டும். 14 அணிகள், 26 சுற்று, கோடையின் கடைசியில் ஆரம்பித்துக் குளிர்காலம் முழுக்க ஓடும் சீசன். இத்தனை ஓடியும் ஏ-லீக்குக்கு, அதாவது நாட்டின் முதல் நிலை லீக்குக்குப் போக ஒரு வழி கிடையாது.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான். நண்பர்களிடம் சொன்னால், "ஆஸ்திரேலியாவில் கால்பந்தா? அங்கே முட்டைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டல்லவா ஓடுவார்கள்" என்று சிரிக்கிறார்கள். அது ஃபுட்டி, மெல்போர்னில் ராஜ மரியாதை அதற்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரீமியர் லீக் பார்க்க நள்ளிரவில் அலாரம் வைத்து எழும் இதே மெல்போர்ன் நண்பர்கள், பக்கத்துப் பேட்டையில் சனிக்கிழமை நடக்கும் ஆட்டத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. டிவியில் வந்தால்தான் ஆட்டம் என்று ஆகிவிட்டது.

2025 சீசனை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹைடல்பெர்க் யுனைடெட் என்று ஒரு கிளப். 1958-இல் கிரேக்கக் குடியேறிகள் தொடங்கியது. வீரர்கள் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். மாநில லீக் ஆட்டங்களுக்கு நடுவே இவர்கள் ஆஸ்திரேலியா கப்பிலும் ஆடினார்கள். அது நாடு முழுக்க நூற்றுக்கணக்கான உள்ளூர் கிளப்புகள் கலந்துகொள்ளும் நாக்அவுட் போட்டி. கடைசிக் கட்டத்தில்தான் ஏ-லீக் அணிகள் உள்ளே வரும். ஏ-லீக் அணிகளையும் சாய்த்துக்கொண்டு ஹைடல்பெர்க் ஃபைனல் வரை போனது. அக்டோபரில் நியூகாசில் ஜெட்ஸ் அணியிடம் கூடுதல் நேரத்தில் 3-1 என்று தோற்றது. சம்பளத் தொழிலாக ஆடுகிறவர்களை 90 நிமிடம் சமமாக நிறுத்திவைத்த அணி அது. ஏ-லீக்குக்கு வெளியே இருந்து ஃபைனல் வரை வந்த இரண்டாவது அணி. முதலாவது 2022-இல் சிட்னி யுனைடெட் 58.

அந்தச் சீசனில் ஹைடல்பெர்க்கின் பயிற்சியாளர் ஜான் அனஸ்டாசியாடிஸ். இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு கதை வரும்.

2000 ஜனவரி, ரியோ, மரக்கானா மைதானம். ஃபிஃபா முதன்முறையாக நடத்திய கிளப் உலகப் போட்டி. மான்செஸ்டர் யுனைடெட், வாஸ்கோ ட காமா, மெக்சிகோவின் நெகாக்ஸா, இவர்களோடு அதே பிரிவில் ஓஷியானியா சாம்பியனாகப் போன சவுத் மெல்போர்ன். மூன்று ஆட்டத்திலும் தோற்றார்கள். அவர்கள் போட்டது ஒரே ஒரு கோல், நெகாக்ஸாவுக்கு எதிராக. போட்டவர் இந்த அனஸ்டாசியாடிஸ். அந்த அணியின் பயிற்சியாளர் ஆஞ்சி போஸ்டெகோக்லு, அதாவது 2025 மே மாதம் இங்கிலாந்தின் டாட்டனமுக்கு யூரோப்பா லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அவரேதான். அந்த ரியோ போட்டிக்குப் பத்து வருடம் முன்னால் அவர் அதே சவுத் மெல்போர்னின் கேப்டன். அப்போதைய பயிற்சியாளர் ஃபெரன்க் புஷ்காஷ். ஆமாம், ஹங்கேரியின் புஷ்காஷ், ரியல் மாட்ரிட்டின் புஷ்காஷ்! ஏதென்ஸில் பனாதினைகோஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் கிரேக்கம் பேசக் கற்றிருந்தார்; இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் கிரேக்கம் தெரிந்த கேப்டன் போஸ்டெகோக்லுதான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர், காரோட்டி எல்லாம். 1991-இல் இருவரும் சேர்ந்து தேசிய லீக் கோப்பையை வென்றார்கள்.

அந்தச் சவுத் மெல்போர்ன் இன்றைக்கு எங்கே ஆடுகிறது? இதே மாநில லீக்கில்தான். தேசியப் பட்டத்தை நான்கு முறை வென்ற கிளப். ஹைடல்பெர்க் தோற்ற அந்த 2025 ஃபைனல் நடந்ததே இவர்களுடைய லேக்சைடு மைதானத்தில். ஃபைனல் நடத்த மைதானம் போதும். ஏ-லீக்கில் ஆட மட்டும் கிளப் போதாதாம்.

எப்படி இந்த நிலைமை வந்தது? 1977-இல் தொடங்கிய பழைய தேசிய லீக் 2004-இல் மூடப்பட்டது. கடன், நிர்வாகக் குழப்பம், குறைந்துகொண்டே போன கூட்டம் என்று காரணங்கள் இருந்தன, அவை பொய்யில்லை. 2005-இல் ஏ-லீக் வந்தது. நகரத்துக்கு ஒரு அணி, புதுப் பெயர், புது நிறம். கிரேக்கர், குரோஷியர், இத்தாலியர், மாசிடோனியர் என்று குடியேறிகள் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து மண் சுமந்து கட்டிய கிளப்புகளுக்கு அங்கே இடமில்லை. "உங்கள் கிளப் ஒரு இனத்தின் கிளப், எங்களுக்கு எல்லோருக்குமான கிளப் வேண்டும்" என்பதுதான் வாதம். 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போய், இன அடையாளம் தெரியும் பெயரும் சின்னமும் புதிதாக வைக்கக் கூடாது என்றே விதி போட்டார்கள். 2019-இல் அதைக் கைவிட்டார்கள். ஐந்து வருடத்தில் அந்த விதியால் கால்பந்து எந்த விதத்தில் வளர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

2018-இல் இரண்டு புது ஏ-லீக் உரிமங்கள் கொடுக்க முடிவானபோது சவுத் மெல்போர்னும் வரிசையில் நின்றது. கிடைக்கவில்லை. ஒன்று சிட்னியின் தென்மேற்கில் மக்கார்தருக்குப் போனது. இன்னொன்று வெஸ்டர்ன் யுனைடெட் என்ற, அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியிராத அணிக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும், மெல்போர்னின் மேற்கிலுள்ள டார்னீட் பக்கம் சொந்த ஸ்டேடியம் கட்டுகிறோம் என்பது அவர்கள் காட்டிய திட்டம். ஸ்டேடியம் எழும்பவில்லை, ஹோம் மேட்ச் என்று ஜீலாங், பல்லாரட் என்று ஊர் ஊராக ஆடினார்கள். இதற்கு நடுவிலும் 2022-இல் பட்டம் வென்றார்கள், அந்த வீரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பணச் சிக்கல் முற்றி, 2025-26 சீசனில் அந்த அணி களத்திலேயே இல்லை.

ஏ-லீக்குக்கு வக்காலத்து வாங்கும் நண்பர் ஒருவர் என்னிடம் அடிக்கடி சொல்வது: "மேலிருந்து ஒரு அணியைக் கீழே இறக்கினால் அது அந்த வருடமே திவாலாகிவிடும். முதலீடு செய்தவன் சும்மா இருப்பானா?" நியாயமான பயம்தான். ஆனால் இறக்கம் இல்லாத லீக்கிலேயே ஒரு அணி படுத்துவிட்டதே, அதற்கு என்ன சொல்வது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

பழைய கிளப்புகள் எல்லாம் புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஃபைனலில் சிட்னி யுனைடெட் ரசிகர்களில் சிலர் நாஜி சல்யூட் அடித்ததும், பூர்வகுடிகளின் வரவேற்பு நிகழ்ச்சியின்போது கூச்சல் போட்டதும் மன்னிக்கக் கூடியதல்ல. சிறுவர் அணிக் கட்டணம் இன்னொரு கொடுமை. என்பிஎல் கிளப்புகள் பலவற்றில் ஒரு பிள்ளை ஆட வருடத்துக்கு 2000 டாலருக்கு மேல் கட்டவேண்டும். அந்தப் பணம் பெரியவர்கள் அணியின் செலவுக்கும் போகிறது என்று பெற்றோர்கள் முணுமுணுப்பதை எல்லா மைதானத்திலும் கேட்கலாம். திறமை இருந்தும் காசில்லாத பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடுகிறான். டிவி வருமானம் இல்லை, மேலே போனால் வரும் வருமானமும் இல்லை என்றால் கிளப் யாரிடம் கை நீட்டும்? பெற்றோரிடம்தான். கதவைப் பூட்டியதன் விலையில் ஒரு பங்கை அந்தப் பிள்ளைகள் கட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இவ்வளவுக்கும் நடுவில் ஆட்டம் நன்றாக இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஜூலை மாத இரவில், எலும்பைக் கடிக்கும் குளிரில், குரோஷியர்களின் மெல்போர்ன் நைட்ஸ் கிளப் மைதானத்தில் செவாப்பி என்ற இறைச்சி உருளை வறுபடும் புகை ஒரு பக்கம், லைன்ஸ்மேனின் பரம்பரையை இழுத்துத் திட்டும் தாத்தாக்கள் ஒரு பக்கம். முன்னாள் ஆஸ்திரேலியக் கேப்டன் மார்க் விடுகா ஆடி வளர்ந்த கிளப் அது. மெல்போர்னின் ரெசர்வோயர் பகுதியில் பிரெஸ்டன் லயன்ஸ் ஆட்டத்துக்குப் போனால் கூட்டத்தைப் பார்த்து அசந்துபோவீர்கள். 1947-இல் தொடங்கிய மாசிடோனியர்கள் கிளப். பல வருடம் கீழ் டிவிஷன்களில் கிடந்து 2025-இல்தான் மாநிலத்தின் முதல் லீக்குக்குத் திரும்பியது. அணி மேலே ஏறினால் அதன் சனமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு மாநில எல்லையிலேயே ஏன் கோடு போடவேண்டும்?

இப்போது மாநில லீக் கிளப்புகளுக்காக ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 அக்டோபரில் முதல் தொடர், 16 கிளப்புகள். சவுத் மெல்போர்ன், பிரெஸ்டன், மார்கோனி, சிட்னி ஒலிம்பிக், வொலங்காங் வுல்வ்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் நீண்ட மாநில சீசன் முடிந்து கால் ஓய்ந்த நேரத்தில், வேலைக்கு லீவு போட்டு ஊர் ஊராகப் பறந்து ஆடி ஜெயித்தால் கோப்பை கிடைக்கும். ஏ-லீக் கதவு அப்போதும் பூட்டித்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏ-லீக்கிலிருந்து யாரையும் பத்து வருடத்துக்கு இறக்கவேண்டாம். மைதானம் எப்படி இருக்கவேண்டும், கணக்கு வழக்கு எப்படி இருக்கவேண்டும், சிறுவர், பெண்கள் அணிகள் எத்தனை வேண்டும் என்று நிபந்தனைகளை எழுதி எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். அவற்றை நிறைவேற்றி, சாம்பியன்ஷிப்பையும் ஜெயிக்கிற கிளப்பை மேலே எடுங்கள். 2025-26-இல் வெஸ்டர்ன் யுனைடெட் விட்ட இடம் காலியாகத்தானே கிடந்தது.