மடிக்கணினி மட்டும் போதுமா?
பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தால் கிராமத்துப் பிள்ளையும் உலகக் குடிமகன் ஆகிவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை அவ்வளவு சுலபமாக ஏற்க முடியவில்லை. பெரு நாட்டில் 8 லட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தார்கள். 2012இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் ஏறவில்லை என்றது. அங்கே கிராமப் பள்ளிகள் பலவற்றில் அப்போது இணையமே இல்லை, அப்புறம் எந்த உலகத்தோடு பேசுவது? அதற்காக, கட்டுரைக்குப் பின்னூட்டமாக ஒருவர் எழுதியிருப்பதுபோல் எல்லாமே வீண் செலவு என்பதும் சரியில்லை. உருகுவேயின் அரசுப் பள்ளிகளில் 2012 முதல் ஓர் ஆசிரியர், சில நேரம் வேறு நாட்டிலிருந்தே, காணொளி அழைப்பில் திரை வழியாக ஆங்கிலம் எடுக்கிறார். வாரத்தில் ஒரு வகுப்புதான் அவருடையது. மீதி வகுப்பாசிரியர் பொறுப்பு. வகுப்பாசிரியர்களில் பலருக்கு ஆங்கிலம் அரைகுறைதான், பிள்ளைகளோடு சேர்ந்தே கற்கிறார்கள். இரண்டு ஆசிரியர்களும் வாராவாரம் பேசிப் பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். கட்டுரையில் கருவிக்கான செலவு இருக்கிறது, இந்த நேரத்துக்கான சம்பளக் கணக்கு எங்கே?