ஆயில் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை
எண்ணெய் ஆவியாகித்தான் ஆயில் ஓவியம் காய்கிறது, ஒரு வாரத்தில் வார்னிஷ் அடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஆவியாவது பெயின்ட்டை நீர்க்கச் செய்யக் கலக்கும் டர்பன்டைன் மட்டும்தான். நிறப்பொடியைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் எங்கேயும் போகாது, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு அங்கேயே படலமாக இறுகும். அடியில் இருப்பது முதலில் இறுக வேண்டும், அதனால்தான் முதலில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக அம்பரில் (பழுப்பு மண் நிறம்) முகத்தின் நிழல்களைப் போட்டுவிட்டு, அப்புறம் மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டுகிறோம். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் என்ற கறுப்பு காய நாளை இழுத்தடிக்கும். நான் ஒரு போர்ட்ரெய்ட்டில் தலைமுடிக்குக் கறுப்பைத் தடிமனாக அப்பி, உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே அம்பர் பூசினேன், சில மாதத்தில் நெற்றியோரம் வரிவரியாக வெடித்துவிட்டது. விரலில் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டாமர் வார்னிஷுக்கு (மரப்பிசினில் செய்த மேற்பூச்சு) 6 மாதமாவது பொறுங்கள், தடிமனான படமென்றால் ஒரு வருடம்.