எந்த இதழ், எந்த வருடம் என்று போட்டால் என்ன?

பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைகளை மின்னூலாகப் போட்டு விற்பவர்கள்மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். புது அட்டை, அதில் ஒரு ராக்கெட், 'மாபெரும் தொகுப்பு' என்று தலைப்பு. காசு கட்டித் திறந்தால் பாதிக் கதைகள் ஏற்கெனவே வேறு தொகுப்பில் படித்தவை. எது எந்த இதழில், எந்த வருடம் வந்தது என்று ஒரு வரி கிடையாது. பதிப்பு வருடம் என்று இருப்பது மின்னூல் தயாரித்த வருடம்.

இந்தக் கதைகள் இப்படித் தாராளமாகப் புழங்கக் காரணம் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம். 1964க்கு முன்னால் அங்கே வெளியானவற்றுக்கு முதலில் 28 வருடம்தான் உரிமை. 28ஆம் வருடம் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். விட்டால் போச்சு, பொதுச் சொத்து. கேலக்ஸி, இஃப், பிளானட் ஸ்டோரீஸ் போன்ற இதழ்களில் வந்த எத்தனையோ கதைகள் புதுப்பிக்கப்படவே இல்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். அதில் எனக்குத் தகராறு இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக்கின் 'செகண்ட் வெரைட்டி' கதையை எடுத்துக்கொள்வோம். பொதுச் சொத்தான நூல்களைத் தரும் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தன்னார்வலர்கள் பழைய இதழை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி ஏற்றியது. 'ஸ்பேஸ் சயின்ஸ் ஃபிக்‌ஷன், மே 1953' என்று குறிப்பும் உண்டு. உரிமையைப் புதுப்பித்த தடயம் ஏதும் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். குட்டன்பெர்க் பெயரோடு விற்றால் அவர்களுக்குப் பங்கு தர வேண்டும், பெயரை எடுத்துவிட்டால் வேண்டாம். விற்பவர்கள் பெயரை எடுக்கும்போது அந்தக் குறிப்பையும் சேர்த்தே வழித்தெறிந்துவிடுகிறார்கள்.

அந்த மே 1953 சாதாரண விவரமா? அப்போது கொரியப் போர் முடியவில்லை. சோவியத் முதல் அணுகுண்டை வெடித்து நாலு வருடம்கூட ஆகவில்லை. கதையில் பூமி சாம்பல்மேடு. பதுங்குகுழிகளில் இரு தரப்பிலும் மிச்சமிருக்கும் சிப்பாய்கள். நடுவில், தம்மைத் தாமே உற்பத்தி செய்துகொண்டு மனித உருவில் வரும் கொலை இயந்திரங்கள். கரடிபொம்மையை அணைத்தபடி தனியாக நிற்கும் அந்தச் சிறுவன் வரும் இடத்தில் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வருடம் தெரிந்தால்தான் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரியும். தெரியாமல் படிக்கிற ஒரு இளைஞர், 1984இல் வந்த டெர்மினேட்டர் படத்தைப் பார்த்து யாரோ எழுதியது என்று நினைத்துவிடுவார். முப்பது வருடம் முன்னாலேயே யோசித்த மனிதருக்கு எவ்வளவு பெரிய அநியாயம் அது!

முறையான மறுபதிப்புகளிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. டிக்கின் சிறுகதைகள் 1987இல் ஐந்து தொகுதிகளாக வந்தன. பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொகுதிகளின் பெயரை ஆளுக்கொரு விதமாக மாற்றினார்கள். 'செகண்ட் வெரைட்டி' ஒரு வரிசையில் இரண்டாம் தொகுதி, மற்றதில் மூன்றாவது. 'வி கேன் ரிமெம்பர் இட் ஃபார் யூ ஹோல்சேல்' அமெரிக்காவில் இரண்டு, பிரிட்டனில் ஐந்து. பெயரை நம்பி வாங்கினால் கிட்டத்தட்ட ஒரே தொகுதிக்கு இரண்டு முறை பணம் அழ வேண்டியதுதான்.

அப்புறம் எழுத்துப்பிழைகள். ஸ்கேன் செய்ததை யாரும் திருப்பிப் படிப்பதில்லை. 'மாடர்ன்' (modern) என்ற சொல் 'மோடம்' (modem) ஆகிவிடுகிறது, பத்திகள் நடுவில் அறுந்து தொங்குகின்றன.

காசு கொடுக்க நான் தயார். யாராவது பிழை திருத்தி, பழைய ஓவியங்களைச் சேர்த்து, கடைசிப் பக்கத்தில் முதல் வெளியீட்டு விவரம் போட்டுத் தந்தால் சந்தோஷமாகவே வாங்குவேன்.

அதுவரை, வாங்கும் முன் இலவச மாதிரிப் பக்கங்களில் கதைப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு கதையும் எங்கே, எந்தப் பெயர்களில் வந்தது என்று ஐஎஸ்எஃப்டிபி (ISFDB) என்ற அறிவியல் புனைகதைத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஏமாந்து வாங்கிவிட்டால், விமர்சனப் பகுதியில் இதழும் வருடமும் நீங்களே எழுதிப் போடுங்கள். நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.